குறுக்களவு

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து வந்ததும் எங்கள் பழைய காரின் பாடியைத் தூக்கினார்கள். மேல்கூரை இல்லாத வண்டியைச் சும்மா தூக்கினால் நடுவில் மடிந்துவிடும் என்று, பீர் மேஸ்திரி நேற்றே இரண்டு கதவு வாய்களிலும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்திருந்தார். நான்கு பேர் மூலைக்கு ஒருவராகப் பிடித்து, அந்த ஹெரால்டு காரின் உடம்பை எடுத்து எண்ணெய் டிரம்களின் மேல் வைத்தார்கள். கீழே அடிச்சட்டமான சேஸ் மட்டும் கிடந்தது. வெள்ளம் வந்தபோது மூன்று நாள் உப்புத் தண்ணீரில் நின்ற சேஸ். மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அப்பளத்தில் விரல் போவதுபோல உள்ளே போனது.

“அண்ணாச்சி, வெல்டு வைக்கணும்னா மொதல்ல இரும்பு வேணும். இதுல இரும்பு எங்க இருக்கு?”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “வேற சேஸ்தான்” என்றார். துறைமுகப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. வெகுநாள் கழித்து வேலைக்குக் கூப்பிடப்பட்ட ஆள்போல இருந்தார்.

கோயில் வாசலில் புளோரா மாமி என்னை நிறுத்தி, ஓலை எப்போது கொடுப்பது என்று கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். மாமி எனக்குப் பேசி முடித்திருக்கும் ரிக்ஸனின் அம்மா. ஓலை கொடுத்து, மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் இருவர் பெயரையும் வாசித்த பிறகுதான் கல்யாணத்துக்குத் தேதி வைக்க முடியும்.

“வண்டி நாலு கால்ல நிக்கட்டும். மறு ஞாயிறே மொத ஓலை. கோயில்லருந்து ஒன்ன அதுலதான் கூட்டிட்டு வருவேன். நானே ஓட்டுவேன்.”

“ஊசி குத்துன கையோடயா?”

“ஸ்டியரிங் பிடிக்க ஒரு கை போதும்ட்டி.”

ஜூன் 9, திங்கள்

ரிக்ஸன் கப்பலிலிருந்து பேசினான். பதினொரு நிமிஷம். பிறகு இடியாப்பம் அவித்தேன். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

டயாலிசிஸ். அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஏஜென்சி ஆபீஸில் அரை நாள் சொல்லிவிட்டு நானும் கூடப் போகிறேன். நூலகத்தில் எடுத்த தடித்த நாவலைப் பைக்குள் வைத்திருக்கிறேன். எழுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு குடும்பம் ரயிலுக்குக் காத்திருக்கிறது. மூன்று வாரமாகக் காத்திருக்கிறது.

அப்பா இன்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் சேஸை வரைந்தார். இடது கையில் ஊசி, வலது கையில் பென்சில். நீளம், முன் அகலம், பின் அகலம், குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு அளவு. மொத்தம் ஐந்து எண்கள். எல்லாம் மனதிலிருந்தே எழுதினார்.

“இதே வண்டில கடைசியா வந்த மாடல் ஒண்ணு இருக்கு. அதுல பின்னால அச்சு வேற. அத எவனாவது தலைல கட்டப் பாப்பான், வாங்கிராத. பழைய ரெண்டு கதவு மாடல்தான் வேணும். டேப் வச்சு அளக்கணும். கண்ணால பாத்து சேஸ் வாங்குனவனும் கண்ணால பாத்து பொண்ணு கட்டுனவனும் ஒண்ணு.”

“அம்மாவ எப்படிக் கட்டினீங்க?”

“அவதான் என்ன அளந்தா.”

நர்ஸ் ஜாய்ஸ் சிரித்துக்கொண்டே பிரஷர் பார்த்தாள். போகும்போது என்னைக் கதவுப் பக்கம் அழைத்து, “ஹார்ட் பம்பிங் ரொம்பக் கம்மிக்கா. ஒங்க கல்யாணம் பாக்கணுங்கற பிடிவாதத்துலதான் மனுஷன் ஓடிட்டிருக்காரு” என்றாள்.

நேற்று ரிக்ஸன் போனில் சொன்னதை முழுவதும் இங்கே எழுதப் போவதில்லை. அவனுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். கொச்சியில் ஒருத்தி இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் கப்பலை விட்டு இறங்கியதும் தன் அம்மாவிடம் நேரில் சொல்வானாம். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டான். சரி என்றேன். உடனே சொன்னேன். ஆபீஸில் யாராவது ஸ்டேப்ளர் கேட்டால் சொல்வதுபோல.

ஜூன் 15, ஞாயிறு

பீர் மேஸ்திரியின் ஆம்னி வேனில், ஒரு சேஸ் பார்க்க மதுரை போய் வந்தோம். சேஸ் பார்க்க நன்றாக இருந்தது. மேஸ்திரி கீழே படுத்துப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார். அப்பா வேண்டாம் என்ற அந்தக் கடைசி மாடல்.

“இதுக்கா ஒரு ஞாயித்துக்கெழம போச்சு” என்று மேஸ்திரி வழி நெடுகப் புலம்பினார். நான் ஜன்னலில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கினேன். ஒரு வாரத்தில் அதுதான் சரியான தூக்கம்.

சேஸ் இல்லையென்றால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் ஓலை இல்லை.

ஜூன் 18, புதன்

உப்பு, பருப்பு, அப்பாவுக்குப் பொட்டாசியம் குறைந்த காய்கள். சுரைக்காய் என்று எழுதிக்கொண்டு போய்த் தக்காளி வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

ராஜபாளையத்தில் பழைய இரும்பு யார்டு வைத்திருக்கும் ரெங்கசாமி ராஜா என்பவர், ஒரு சேஸ் இருக்கிறது என்று போன் செய்திருந்தார். மேஸ்திரிக்கு மச்சான் வீட்டுக் கல்யாணம். நான் மட்டும் பஸ்ஸில் போனேன்.

யார்டுக்குப் பின்னாலேயே வீடு. வேப்பமரத்தடியில் இரண்டு கட்டைகளின் மேல் சேஸ் ஏறிப் படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர்க் காற்றை அறியாத இரும்பு. மேலே லேசான செம்மண் நிறத் துரு. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்போல இருந்தது. பின்பக்கம் குனிந்து பார்த்தேன். மேஸ்திரி மதுரையில் விரலால் காட்டி ‘இப்படி இருந்திருக்கணும்’ என்றது அப்படியே இருந்தது.

டேப்பின் ஒரு நுனியை ராஜாவின் மனைவி பிடித்துக்கொண்டார். கையில் மாவு ஒட்டியிருந்தது.

“கல்யாணத்துக்காமே? மாப்பிள்ள என்ன பண்றாரு?”

“கப்பல்ல இருக்காங்க.”

“அடேயப்பா. அப்ப வருஷத்துல பாதி நாள் நிம்மதின்னு சொல்லு.” தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவர் கேட்காததுபோலப் பீடியைத் தட்டினார்.

நீளம் சரி. முன் அகலம் சரி. பின் அகலம் சரி. குறுக்கு இரண்டும் சரி. இரண்டு முறை அளந்தேன். ஐந்து எண்களும் அப்பாவின் தாளில் இருந்தவையே.

அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் கோவில்பட்டியில் அரை மணி நேரம் நின்றது. கடலைமிட்டாய் வாங்கினேன், அப்பா சாப்பிடக் கூடாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வாசலிலேயே இருந்தார்.

“நீளம்?”

“சரியா இருக்குப்பா.”

“அகலம்?”

“முன்னயும் சரி, பின்னயும் சரி.”

“குறுக்கு?”

“ரெண்டும் ஒரு இஞ்ச் கொறையுது.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பென்சிலை எடுத்தவர் எதுவும் எழுதாமல் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.

“சரி. அப்ப சேராது” என்றார்.

நாவல்களில் உண்மையை மறைக்கிறவர்கள் கடிதங்களை ஒளித்துவைக்கிறார்கள், அல்லது எரிக்கிறார்கள். நான் ஒரு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தேன்.

ஜூன் 23, திங்கள்

ராஜாவுக்குப் போன் செய்து சேரவில்லை என்று சொல்லிவிட்டேன். “நல்லா அளந்தியாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

பக்கத்து நாற்காலியில் வரும் தாளமுத்துநகர் வாத்தியார் இன்று வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. புதிதாக ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அவளிடம், “மொத மாசம்தான் வலிக்கும். அப்புறம் சாப்பாடுதான் வலிக்கும்” என்றார்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். அதிர்ச்சி தரும் செய்தி எதுவும் வேண்டாம், மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னாரோ என்னவோ. நான் அதை எனக்காகவே சொன்னதாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா இப்போதெல்லாம் சேஸைப் பற்றிக் கேட்பதில்லை. டிரம்களின் மேல் இருக்கும் பாடியை மட்டும் காலையில் ஒரு முறை துணியால் துடைக்கிறார். கதவு வாய்களில் குழாய் அப்படியே இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மழை. நாவலை வாசிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மேஸ்திரி போன் செய்தார். கோயம்புத்தூரில் ஒரு சேஸ் இருக்கிறதாம், இரண்டு கதவு மாடல், போட்டோ அனுப்புகிறேன் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் மார்பில் வைத்தேன்.

“வேண்டாம் பீரு.”

“போட்டோவ பாருங்க அண்ணாச்சி.”

“பாத்துட்டேன். சேராது.”

“இன்னும் அனுப்பவே இல்லயே!”

“சேராதுன்னா விடேன்.”

வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றி யோசிக்காமல் நாவலை எடுத்தேன். அதே பக்கம்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி முன் அச்சைக் கழற்றிக் கிரீஸ் போட வந்திருந்தார். டீ கொண்டுபோனேன்.

“அண்ணாச்சிக்கு என்ன பாப்பா ஆச்சு? கோயம்புத்தூர் வண்டியப் பாக்காமலே சேராதுங்காரு. ராஜபாளையத்துலயாவது என்ன கொறைன்னு கேட்டா, அதுக்கும் வாயத் தொறக்கல.”

“குறுக்கு ரெண்டும் ஒரு இஞ்ச் கம்மி.”

அவர் டீயை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

“நீளம்?”

“சரிதான். அகலமும் சரி.”

சிரித்துவிட்டார். “டேப்ப எங்கயோ மடக்கிப் பிடிச்சிருக்க. நாலு பக்கமும் சரியா இருந்தா குறுக்கு ரெண்டும் எப்படிக் கொறையும்? அடிபட்டுக் கோணிச்சுன்னா ஒண்ணு கூடும், ஒண்ணு கொறையும். ரெண்டும் கொறஞ்சா சேஸே சின்னதுன்னு அர்த்தம். அப்ப நீளம் எப்படி சரியா வரும்? நாலாங் கிளாஸ் பையன் கண்டுபிடிச்சிருவான்.”

சிரிப்பு அடங்கியதும், “இதயா அண்ணாச்சிட்ட சொன்ன?” என்றார்.

“ஆமா.”

“அவரு என்ன சொன்னாரு?”

“அப்ப சேராதுன்னாங்க.”

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். அச்சைப் பார்த்தபடி கிரீஸ் பூசிக்கொண்டே இருந்தார். பூசிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூசினார்.

ஜூலை 14, திங்கள்

மூன்று வாரமாக அப்பாவுக்குத் தெரியும்.

ஜூலை 19, சனி

ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரமும் நான் அவருக்குச் செய்தித்தாள் வாசித்தேன். ஏதாவது கேட்பார் என்று ஒவ்வொரு செய்திக்கும் பிறகு நிறுத்தினேன். “மேல படி” என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று மாதா கோயிலில் கொடியேற்றம். இன்று திருவிழாப் பூசை முடிந்து புளோரா மாமி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ போட்டேன். மாமி டிரம்களைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, ஊர்ல ஒங்களப் பத்தி என்ன பேசுதாவன்னு தெரியுமா? லியோன் மச்சாது பொண்ணக் கட்டிக்குடுக்காரா, கார கட்டிக்குடுக்காரான்னு கேக்காவ.”

“சேஸ் கெடைக்கலயே புளோரா” என்றார் அப்பா.

“கெடைக்காட்டா ஆட்டோல கூட்டிட்டு வாங்க! ரிக்ஸன் அடுத்த மாசம் எறங்குதான். நான் இப்ப ஓல குடுத்தாத்தான் செப்டம்பர்ல வைக்கலாம். ஒரு பழைய இரும்புக்காவ ரெண்டு பிள்ளைய வாழ்க்கைய நிறுத்தி வச்சிருக்கியள. நல்லாவா இருக்கு? இந்தப் பிள்ள ஜெனோவாவோட அம்ம இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாளா?”

“விட்டிருக்க மாட்டா.”

“பின்ன?”

“என் வீம்புதான். தப்பு என்னுதுதான் புளோரா. கொஞ்சம் பொறுத்துக்க.”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பணிமனையில் மேலதிகாரியை எதிர்த்து ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்தவர் இவர். யாரிடமும் தப்பு என்னுடையது என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவின் குனிந்த தலையில், பின்பக்கம் முடி கொட்டிய இடம் எனக்குத் தெரிந்தது.

“மாமி, ரிக்ஸன் என்னக் கட்டப்போறதில்ல. ஜூன் ஒம்பதாம் தேதியே போன்ல சொல்லிட்டாங்க. கொச்சில ஒரு பொண்ணு இருக்கு. எறங்கி வந்து உங்ககிட்ட சொல்றதா இருந்தாங்க.”

மாமி அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். ஜெபமாலை, சில்லறை, போன். போனை எடுத்துவிட்டு யாருக்கும் அடிக்காமல் வைத்திருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே” என்றார். பிறகு குரல் மாறியது. “நீ என்னட்டி செஞ்ச அவன?”

“புளோரா.” அப்பா தலையை நிமிர்த்தியிருந்தார். “பிள்ளைய ஒண்ணும் கேக்கக் கூடாது.”

மாமி எழுந்து போனார். டீயில் ஆடை படிந்திருந்தது.

அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சு வாங்குகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, “ராஜபாளையத்துல குறுக்கு என்ன?” என்று கேட்டார். சொன்னேன். காலண்டர் தாளை வாங்கி, ஒரு மாதமாகக் காலியாக இருந்த இடத்தில் எழுதினார். ஐந்து எண்களுக்கு எதிரே ஐந்து எண்கள். நாளைக்கே போன் போடு என்றார்.

ஜூலை 28, திங்கள்

ரிக்ஸனிடமிருந்து ஒரு வரி: நீ வாக்குக் கொடுத்திருந்தாய். பதில் அனுப்பவில்லை.

ராஜா போனை எடுக்கவில்லை.

ஜூலை 30, புதன்

இன்றும் எடுக்கவில்லை. ஞாயிறன்று நேரில் போகலாம், நானும் வருகிறேன் என்று அப்பா சொல்கிறார். கால் வீங்கியிருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன், சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து மறுநாள் என்றால் போகலாம் என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆம்னியின் முன் இருக்கையில் அப்பாவுக்குத் தலையணை வைத்து, விடிந்ததும் கிளம்பினோம். அயர்ன் செய்த சட்டை. சட்டைப்பையில் காலண்டர் தாள். எட்டையபுரத்தில் இட்லி, அவருக்குச் சட்னி இல்லாமல். வழியெல்லாம் மேஸ்திரியிடம் எந்த போல்ட்டை முதலில் மாட்டுவது என்று பேசிக்கொண்டு வந்தார். கல்யாணம் என்ற சொல் இல்லாமலேயே அந்த வண்டியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச முடியும் என்பதை இன்றுதான் பார்த்தேன்.

யார்டில் நான் மட்டும் இறங்கினேன். வேப்பமரத்தடியில் இரண்டு கட்டைகளும் இருந்தன. மேலே ஒன்றும் இல்லை.

ராஜா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். “நீ சேரலன்னு சொன்னதுக்கப்புறமும் ஒரு மாசம் வச்சிருந்தேம்மா. வேற யாரும் கேக்கல. போன வாரம் லோடு ஏத்தறப்ப எடம் வேணும்னு வெட்டிட்டோம்.” சுவரோரம் கையைக் காட்டினார். லோடில் ஏறாமல் மிச்சமிருந்த இரண்டு துண்டுகள். கேஸ் கட்டர் போன விளிம்பு மெழுகு வழிந்ததுபோல உருகி உறைந்திருந்தது. அவர் மனைவி வாசலில் நின்றார். இந்த முறை மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை.

வண்டிக்குத் திரும்பி நடந்தேன். இருபது அடி இருக்கும். வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம் என்று சொல்லலாம் எனத் தோன்றியது. அந்த வாக்கியம் முழுதாக, தயாராக இருந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அப்பா கண்ணாடியை இறக்கியிருந்தார்.

“வெட்டிட்டாங்கப்பா. நான் சேரலன்னு சொன்னதால வெட்டிட்டாங்க.”

“எத்தன துண்டு?”

“ரெண்டுதான் கெடக்கு. மத்தது லோடுல போயிருச்சு.”

மேஸ்திரி மெதுவாக, “ரெண்டு துண்டு இருந்தா மீதிய அடிச்சு ஒட்டிப் பாக்கலாமா அண்ணாச்சி?” என்றார்.

“கூரை உள்ள வண்டின்னா பாக்கலாம். இதுக்கு மேல என்ன இருக்கு பீரு? எல்லாத்தையும் சேஸ்தான தாங்கணும்.” சட்டைப்பையைத் தொட்டார், தாளை வெளியே எடுக்கவில்லை. “கெளம்பு. வெயில் ஏறுது.”

திரும்பும் வழியில் கோவில்பட்டி வரை அவர் தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

“ஏட்டி.”

“என்னப்பா.”

“கோவமா இருக்கேன்னு நெனைக்கியா?”

“இல்லயா?”

“இருக்கேன். நல்ல சேஸு அது.” கண்ணைத் திறக்கவில்லை. “நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன். நாள் போகப் போக, எனக்கும் கேக்கப் பயமாயிருச்சு. நீ ஏன் சொல்லல?”

பின்னாலிருந்து அவர் முகம் தெரியவில்லை. தலையணையும் காதும் மட்டும்.

“இந்தக் கல்யாணத்தப் பாக்கணும்னுதான் நீங்க உசுரோட இருக்கீங்கன்னு நெனச்சேன்.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன்.

“நான் டயாலிசிஸால உசுரோட இருக்கேன்ட்டி” என்றார்.

மேஸ்திரியின் தோள் ஒரு முறை குலுங்கியது. பிறகு அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். பருத்திக் காடுகளும் காற்றாலைகளும் போய்க்கொண்டிருந்தன. அப்பாவின் மூச்சு, ஏறும்போது ஒரு சத்தமும் இறங்கும்போது ஒரு சத்தமுமாக, எனக்குக் கேட்டது.

ஊர் எல்லையில் உப்பளம் தெரிந்ததும், செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீ வர வேண்டாம், ஆபீஸில் எத்தனை நாள்தான் அரை நாள் கேட்பாய், நான் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றார்.

வருவேன் என்றேன்.